பூட்டி வைத்தால் போதுமா? – விலையுயர்ந்த கைக்கடிகாரமும் அதன் வாரும்



"நல்ல நாள் பெரிய நாளுக்கு ஆகட்டும்" என்று சொல்லிப் பொருளை எடுத்து வைப்பது நம் வீடுகளில் பரம்பரையாக வரும் பழக்கம். நல்ல சேலை டிரங்குப் பெட்டியில் இருக்கும். நல்ல பீங்கான் தட்டு கண்ணாடி அலமாரியில் இருக்கும். அந்த வரிசையில் இடம்பிடித்துக்கொண்ட இன்னொரு பொருள்தான் விலையுயர்ந்த கைக்கடிகாரம். அதைப் பத்திரப்படுத்தி வைக்கும்போது அதன் வார், அதாவது கையில் கட்டும் பட்டை, கெட்டுப் போகாமல் காப்பது எப்படி என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

"ரோலெக்சும் ஒமேகாவும் துரைமார் கையில் பார்த்தவை. தோட்டத்து மக்களுக்கு இந்தப் பேச்சு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் காலம் மாறிவிட்டது. பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் இன்று மருத்துவராக, வழக்கறிஞராக, பொறியாளராக இருக்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, "அப்பா, இது உங்களுக்கு" என்று ஒரு கடிகாரத்தைக் கொண்டு வந்து கையில் கட்டிவிடும் பிள்ளைகள் உண்டு. சேமநிதிப் பணம் எடுத்தபோது ஆசைக்கு ஒன்று வாங்கிக்கொண்ட பெரியவர்கள் உண்டு. நீண்ட காலம் வேலை செய்ததற்காக நிர்வாகம் கொடுத்த கடிகாரமும் சில வீடுகளில் இருக்கிறது. அது ஐந்நூறு வெள்ளியோ இருபதாயிரம் வெள்ளியோ, அந்த வீட்டுக்கு அதுதான் விலையுயர்ந்த கடிகாரம். அதில் பணம் மட்டுமல்ல, ஒருவருடைய உழைப்பும் இருக்கிறது.

என் வீட்டில் நடந்த ஒன்றை முதலில் சொல்கிறேன்.

என் தந்தையார் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை செய்தவர். பல ஆண்டுகள் பால்வெட்டு, பின்னர் பால் ஸ்டோரில் வேலை. 1983-ஆம் ஆண்டு சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், யாரிடமும் சொல்லாமல் ஈப்போவுக்குப் போய் ஒரு சுவிஸ் கைக்கடிகாரம் வாங்கி வந்துவிட்டார். பழுப்பு நிறத் தோல்வார் போட்டது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அப்பா சொன்னார்: "முப்பத்தாறு வருசம் பெரட்டு மணிக்கு எழுந்து ஓடினேன் புள்ள. இனிமேலாவது மணி என் கையிலே இருக்கட்டுமே." அதற்கு மேல் அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

1991-இல் அப்பா காலமானார். அம்மா அந்தக் கடிகாரத்தைத் துடைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, பிஸ்கட் டின்னில் வைத்து, பூச்சி வராமல் இருக்க நான்கு அந்துருண்டையும் போட்டு, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் முந்தானையில் இருந்தது. நான்கு ஆண்டுகள் யாரும் அதைத் தொடவில்லை. 1995-இல் தம்பியின் திருமணம். "அப்பா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்காரட்டும்" என்று அம்மா பெட்டியைத் திறந்தார். தோல்வார் முழுதும் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம். கொக்கியில் களிம்பு. தம்பி கையில் கட்டிப் பார்த்தபோது, அப்பா வழக்கமாகக் கொக்கி மாட்டும் மூன்றாவது துளையில் வார் இரண்டாக அறுந்து விழுந்தது. அம்மா அழுத அழுகையை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

நேயர்களே, அம்மா அலட்சியமாக இருந்தாரா? இல்லவே இல்லை. திருடனிடமிருந்து அந்தக் கடிகாரத்தை அவர் முழுமையாகக் காப்பாற்றிவிட்டார். ஆனால் பெட்டிக்குள்ளேயே இருந்த பகைவனை அவர் அறியவில்லை. அந்தப் பகைவனின் பெயர் ஈரம்.

நம் நாட்டின் காற்றை எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுதும் வெப்பம், ஆண்டு முழுதும் மழை. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நேரங்களில் நூற்றுக்கு 70 முதல் 90 வரை இருக்கிறது. ஈரப்பதம் 65, 70-ஐத் தாண்டி நீண்ட நாள் நிலைத்தால் பூசணம் வளரத் தொடங்கும். ஆகவே நம் வீட்டில் அது எப்போது வேண்டுமானாலும் முளைக்கக் காத்திருக்கிறது. அதற்கு வேண்டியவை ஈரமும் கொஞ்சம் உணவும். தோலும் அதில் ஊறிய வியர்வை அழுக்கும் அதற்கு நல்ல உணவு. பிளாஸ்டிக் பையை இறுக்கிக் கட்டியபோது அம்மா வெளிக்காற்றைத் தடுத்தார். அதோடு உள்ளே இருந்த ஈரத்தையும் வெளியே போகவிடாமல் அடைத்துவிட்டார்.

"விலையுயர்ந்த கடிகாரம் தண்ணீரையே தாங்குமே, ஈரம் என்ன செய்யும்?" என்று கேட்பீர்கள். 1926-ஆம் ஆண்டு ரோலெக்ஸ் நிறுவனம் நீர் புகாத 'ஆய்ஸ்டர்' கடிகாரத்தை வெளியிட்டது. அதன் பிறகு பல நிறுவனங்கள் அவ்வகைக் கடிகாரங்களைச் செய்தன. ஆனால் நீர் புகாதது என்பது இயந்திரம் இருக்கும் கூட்டுக்குத்தான். வார் வெளியே காற்றில் இருக்கிறது. வியர்வையைக் குடிப்பதும் அதுதான். ஆகவே கடிகாரத்தில் முதலில் கெடுவது வார். வார் அறுந்தால் கடிகாரமே கீழே விழுகிறது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இனி ஒவ்வொரு வகை வாரையும் எப்படிக் காப்பது என்று பார்ப்போம்.

முதலாவது தோல்வார். தோல் என்பது ஒரு விலங்கின் சருமம். அது நீரை உறிஞ்சும், வீங்கும், காய்ந்தால் சுருங்கும். ஒரு நாள் முழுதும் கட்டிய கடிகாரத்தைக் கழற்றியவுடன் பெட்டியில் போட்டு மூடுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. கழற்றியதும் மெல்லிய பருத்தித் துணியால் வாரின் உட்புறத்தைத் துடையுங்கள். கொக்கியை மாட்டாமல், வாரை விரித்தபடி, நிழலில் காற்றாட ஓர் இரவும் ஒரு பகலும் வையுங்கள். அதன் பிறகே பெட்டிக்குள் போகவேண்டும்.

சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைக்க வேண்டாம். வெயிலில் தோல் விறைத்து வெடிக்கும், சாயமும் வெளுக்கும். தலைமுடி உலர்த்தும் கருவியும் கூடாது. தோல் காய்ந்துவிட்டதே என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. நம்முடைய எல்லா நோய்க்கும் தேங்காய் எண்ணெய்தானே மருந்து! ஆனால் அந்த எண்ணெய் தோலைக் கறுப்பாக்கும். நாளடைவில் சிக்கெடுத்து நாறும். தூசியையும் பூச்சியையும் இழுக்கும். வாசனைத் திரவியம் தெளிப்பவர்கள் முதலில் தெளித்துக்கொண்டு, அது காய்ந்த பிறகு கடிகாரத்தைக் கட்டுங்கள். அதிலுள்ள சாராயச் சத்து தோலின் சாயத்தைக் கரைத்துவிடும்.

தோல்வாரை வைக்கும் வடிவமும் முக்கியம். வாரை மடித்துச் செருகினால் மடிந்த இடத்தில் முதலில் கோடு விழும், பிறகு வெடிப்பு வரும். பின்பக்கமாக வளைக்கவே கூடாது. ஒன்று, வாரை நேராக விரித்துக் கிடத்துங்கள். அல்லது ஒரு துணிச்சுருளின் மேல் தளர்வாகக் கட்டி வையுங்கள். அந்தச் சுருளை வீட்டிலேயே செய்யலாம். பழைய வெள்ளை வேட்டித் துண்டை நன்றாகத் துவைத்து, கஞ்சி போடாமல் காயவைத்துச் சுருட்டுங்கள். கஞ்சி போட்ட துணி வெள்ளிமீன் பூச்சிக்கும் கரப்பான் பூச்சிக்கும் விருந்து. கரப்பான் தோலையும், தோலை ஒட்டிய பசையையும் அரித்துத் தின்னும். சுருளின் சுற்றளவு கடிகாரம் கட்டும் கையைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கட்டும். கை 17 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் சுருள் 15, 16 சென்டிமீட்டர் போதும். பெரிய சுருளில் இழுத்துக் கட்டினால் கொக்கித் துளைகள் நீண்டு கிழியும்.

பூசணம் வந்துவிட்டால் என்ன செய்வது? வீட்டுக்குள் வைத்துத் தட்டாதீர்கள். அந்தத் தூள் காற்றில் பறந்து மற்றத் துணிமணிகளிலும் ஒட்டும். இழுப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்கும் ஆகாது. வெளியே கொண்டுபோய், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காய்ந்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். வாரை நிழலில் இரண்டு நாள் காற்றாட வையுங்கள். வாரின் உள் அடுக்கில் பூசணம் இறங்கி, நாற்றம் போகாவிட்டால், அந்த வாரைக் கட்டவேண்டாம். வேறு வார் மாற்றிக்கொள்வதே நல்லது. வெப்ப நாட்டில் நாள்தோறும் கட்டினால் தோல்வார் ஓரிரு ஆண்டே தாங்கும். வார் தேய்வது இயற்கை. நம் கவனக்குறைவால் அது கெடுவதுதான் நட்டம்.

இரண்டாவது உலோகப் பட்டை, நம்மவர் 'செயின்' என்று சொல்வது. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் இருந்தாலும் அதற்கும் எல்லை உண்டு. வியர்வையில் உப்பு இருக்கிறது. கண்ணிக்கும் கண்ணிக்கும் இடையில் அழுக்கும் உப்பும் ஈரமும் சேர்ந்து மாதக்கணக்கில் தங்கினால், அந்த இடுக்கில் எஃகுகூட ஊசி குத்தியதுபோல அரித்துவிடும். கண்ணிகளைக் கோத்திருக்கும் சிறு ஊசிகளும் அழுக்கால் தேயும். பட்டையைப் படுக்கைவாட்டில் பிடித்தால் அது தொய்ந்து வளைகிறதா? அதைப் 'பட்டை நீண்டுவிட்டது' என்பார்கள். உண்மையில் உலோகம் நீளவில்லை. உள்ளே ஊசியும் துளையும் தேய்ந்துவிட்டன.

ஆகவே நீண்ட நாளுக்கு எடுத்து வைக்குமுன் பட்டையைக் கழுவ வேண்டும். கடிகாரம் நீர் தாங்கும் என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டும், திருகை நன்றாக மூடிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஓரிரு துளி விட்டு, மென்மையான பல் துலக்கும் பிரஷால் கண்ணிகளின் இடுக்கைத் தேயுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, அரை நாளாவது காற்றில் விடுங்கள். பழைய கடிகாரத்துக்கு இதைச் செய்ய வேண்டாம். நீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் சிறு ரப்பர் வளையம், அதற்கும் வயதாகும். கடைக்காரரிடம் சொல்லிப் பட்டையைத் தனியே கழற்றிக் கழுவுங்கள். முடியாவிட்டால் ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டாலே போதும்.

வைக்கும்போது இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். பட்டையின் பூட்டு கடிகாரத்தின் பின்மூடியில் உரசக் கூடாது. இடையில் துணிச்சுருள் இருந்தால் உரசாது. இரண்டு கடிகாரங்களை ஒரே பையில் போடாதீர்கள். கடிகாரத்தோடு தாலிக்கொடியையும் கல் வைத்த மோதிரத்தையும் சேர்த்து வைக்கும் தாய்மார்களே, இதைக் கேளுங்கள். வைரக்கல் எஃகைக் கீறும். எஃகு தங்கத்தைக் கீறும். ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனித் துணியில் சுற்றுங்கள். பட்டையைக் கைக்கு ஏற்பக் குறைத்தபோது கடைக்காரர் கொடுத்த கண்ணிகளையும் ஊசிகளையும் எறிந்துவிடாதீர்கள். ஒரு சிறு உறையில் போட்டு உடன் வையுங்கள். நாளை அது மகனின் கைக்குப் போகும்போது அந்தக் கண்ணிகள் தேவைப்படும். விற்க நேர்ந்தாலும் சொந்தப் பட்டை முழுமையாக இருக்கும் கடிகாரத்துக்கே மதிப்பு.

மூன்றாவது ரப்பர் வார். இதைப்பற்றி உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க நான் யார்? ரப்பரின் குணம் தோட்டத்து மக்களுக்குத் தெரியும். வெயிலில் கிடந்த ரப்பர் வெடிக்கும். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி இளகும். செம்பு பட்டால் ரப்பர் விரைவில் கெடும் என்பதும் ரப்பர்த் தொழிலின் பழைய பாடம். ஆகவே ரப்பர் வாரைச் செம்பு, பித்தளைப் பொருள்களோடும் சில்லறைக் காசுகளோடும் போடவேண்டாம். எண்ணெய்க் கையால் தொடவேண்டாம். சன்னல் ஓரத்தில் வைக்கவேண்டாம். இன்று வரும் வார்கள் பலவும் மரத்துப் பாலில் செய்தவை அல்ல. சிலிக்கோனும் செயற்கை ரப்பரும் பாலியூரித்தேனும் கலந்து வருகின்றன. இவற்றுள் பாலியூரித்தேன் வகைகள் சில ஈரக் காற்றிலேயே நாளடைவில் பிசுபிசுத்து உதிரும். தொட்டால் ஒட்டுகிறது என்றால் அதன் காலம் முடிந்தது. கழுவிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். எந்த ரப்பர் வாரையும் செய்தித்தாளிலோ சாயம் போகும் துணியிலோ சுற்றாதீர்கள். மையும் சாயமும் அதில் இறங்கினால் திரும்ப எடுக்க முடியாது.

இன்னொரு சொல். எந்த வாராக இருந்தாலும் வேலைக்குப் போகும்போது நல்ல கடிகாரம் வேண்டாம். பால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியா பித்தளையைத் தாக்கும். தங்க முலாம் பூசிய பட்டைகள் பலவற்றின் உள்ளே இருப்பது பித்தளைதான். பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட்டும், செம்பனைத் தோட்டத்தில் போடும் உரமும், களைக்கொல்லி மருந்தும் வாருக்குப் பகை.

சரி, சுத்தம் செய்தாகிவிட்டது. இனி எதில் வைப்பது?

உணவு வைக்கப் பயன்படும், நான்கு பக்கமும் பூட்டும் மூடியுள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். புதிதாக இருக்கட்டும், சம்பல் வைத்த டப்பா வேண்டாம். மழை பெய்யாத ஒரு நண்பகலில், உலர்ந்த கடிகாரத்தைத் துணிச்சுருளோடு அதில் வையுங்கள். சிலிக்கா ஜெல் என்னும் ஈரம் உறிஞ்சும் மணிகளை உடன் வையுங்கள். சிறிய டப்பாவுக்கு 30 முதல் 50 கிராம் போதும். அந்தப் பொட்டலம் தோலை நேராகத் தொடவேண்டாம். ஈரம் குடித்தால் நிறம் மாறும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். நிறம் மாறியதும் புதிதாக மாற்றுங்கள். காலணிப் பெட்டியில் வந்து, பல மாதம் மேசையில் கிடந்த பொட்டலம் உதவாது. அது ஏற்கெனவே வயிறு நிறையக் குடித்துவிட்டது. பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவுக்கு மீறினால் அமுதமும் நஞ்சு அல்லவா? மிகுதியாக உலர்த்தினாலும் தோல் விறைத்துவிடும். ஈரப்பதம் காட்டும் சிறு கருவிகள் இன்று சில வெள்ளிக்கே கிடைக்கின்றன. அதை டப்பாவில் போட்டு, 45-க்கும் 55-க்கும் இடையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் தோலுக்கும் நல்லது, உலோகத்துக்கும் நல்லது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஈரம் உறிஞ்சும் பொருள் இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவும் வேண்டாம். அப்போது பருத்திப் பையில் போட்டு, அட்டைப் பெட்டியிலோ மரப் பெட்டியிலோ வைத்து, வாரம் ஒரு முறை திறந்து காற்றாட விடுங்கள். மூடினால் உலர்த்தி மூடவேண்டும். உலர்த்த முடியாவிட்டால் திறந்து திறந்து பார்க்கவேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் வேறு வழி இல்லை.

கடிகாரத்தோடு வந்த அழகான பெட்டி இருக்கிறதே என்பீர்கள். அதைப் பத்திரமாக வையுங்கள்; விற்பனைச் சீட்டையும் உத்தரவாத அட்டையையும் உடன் வையுங்கள். ஆனால் கடிகாரத்தை ஆண்டுக்கணக்கில் அதில் வைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பஞ்சு நுரையும் செயற்கைத் தோலும் நம் தட்பவெப்பத்தில் உதிர்ந்து, பிசினாகி வாரில் ஒட்டிக்கொள்ளும். அந்துருண்டையும் கற்பூரமும் அருகில் வேண்டாம். அவற்றின் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கையும் மெருகையும் இளக்கும். வாரில் ஏறிய நாற்றமும் எளிதில் போகாது.

எங்கே வைப்பது என்பதும் கேள்விதான். சிங்க் கூரைக்குக் கீழே பரணில் வைத்தால் பகலில் அடுப்புச் சூடு. மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டிய இரும்பு அலமாரியின் அடித்தட்டில் ஈரம் ஊறும். சாமி மேடையின் கீழே எண்ணெய்ப் புகையும் கற்பூரப் புகையும். அரிசி டின்னில் ஒளித்து வைத்தால் தவிடும் வண்டும். இவையெல்லாம் வேண்டாம். படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டு, உட்சுவர்ப் பக்கம், அதுவே நல்ல இடம். இன்னொன்று: இப்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இந்த வானொலிப் பெட்டியின் மேல் கடிகாரத்தைக் கழற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். ஒலிபெருக்கியில் காந்தம் இருக்கிறது. அது கடிகாரத்தின் மயிரிழைச் சுருளைப் பிடித்தால் மணி தாறுமாறாக ஓடும். கைப்பேசியிலும் அதே காந்தம் உண்டு. வானொலியில் பேசிக்கொண்டே வானொலியைக் குறை சொல்வதற்கு மன்னிக்கவும்.

வைத்த பொருளை மறந்துவிடக் கூடாது. மாதத்துக்கு ஒரு நாள், சம்பள நாளையே அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவைத் திறந்து வாரை முகர்ந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குப் பூசணம் தெரிந்துவிடும். துணியால் ஒரு முறை துடையுங்கள். சாவி கொடுக்கும் கடிகாரமானால் இருபது சுற்றுக் கொடுத்துச் சிறிது ஓடவிடுங்கள். பேட்டரியில் ஓடும் கடிகாரம் நின்று போயிருந்தால் கடைக்குக் கொண்டுபோய்ப் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். செத்த பேட்டரி கசிந்தால் இயந்திரத்தையே அரிக்கும். வாரைக் கூட்டோடு பிணைக்கும் சிறு 'ஸ்பிரிங் பின்' துருவேறியிருக்கிறதா என்றும் கடைக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். சில வெள்ளி பெறும் அந்த ஊசி ஒடிந்துதான் பல ஆயிரம் வெள்ளிக் கடிகாரம் சிமெண்டுத் தரையில் விழுகிறது. 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

திருடர் பயத்தையும் நான் சிறிதாக எண்ணவில்லை. கடிகாரத்தின் எண்ணையும் பெயரையும் ஒரு தாளில் எழுதி, படம் எடுத்து, கடிகாரம் இருக்கும் இடத்தில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். காணாமல் போனால் போலீசில் புகார் செய்ய அந்த எண் உதவும். முகநூலில் படம் போட்டு ஊருக்கு அறிவிக்க வேண்டாம். வங்கிப் பெட்டகத்தில் வைப்பவர்களும் வெறும் பையில் வைக்காமல், நான் சொன்ன டப்பாவோடு வைத்து, சில மாதங்களுக்கு ஒரு முறையாவது திறந்து பாருங்கள். பெட்டகத்தின் கதவு திருடனைத் தடுக்கும், பூசணத்தைத் தடுக்காது.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரில் வந்த வெள்ளத்தில், ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டுப் பொருள்களை இழந்தன. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் மழைக் காலத்தில் டப்பாவை மேல்தட்டுக்கு மாற்றுங்கள். கடிகாரம் வெள்ள நீரில் மூழ்கிவிட்டால் சாவி கொடுக்காதீர்கள், திருகை இழுக்காதீர்கள், அரிசியில் புதைக்காதீர்கள். வாரைக் கழற்றித் தனியே வைத்து, கடிகாரத்தை அன்றைக்கே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்விடுங்கள். ஒவ்வொரு நாள் தாமதமும் துருவுக்கு வாய்ப்பு.

நேயர்களே, அப்பாவின் கடிகாரம் என்னவாயிற்று என்று சொல்லவில்லையே. திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பு அதை ஊரிலுள்ள ஒரு கடிகாரக் கடைக்குக் கொண்டுபோனோம். பெரியவர் ஒருவர் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே நீர் இறங்கவில்லை. எண்ணெய் மட்டும் வற்றியிருந்தது. சுத்தம் செய்து, எண்ணெய் இட்டு, புதிய வார் போட்டுக் கொடுத்தார். தம்பி அதைக் கட்டிக்கொண்டுதான் மணவறையில் உட்கார்ந்தான். அறுந்த பழைய வாரை எறியப் போனார் கடைக்காரர். அம்மா தடுத்து வாங்கிக்கொண்டார். அந்த மூன்றாவது துளை அப்பாவின் கை அளவுக்கு நீண்டிருந்தது. புதிய வாரில் அந்த அடையாளம் இல்லை. பணம் கொடுத்து வாங்க முடிந்தது வாரைத்தான். அந்த அடையாளத்தை எந்தக் கடையில் வாங்குவது?

அதற்குப் பிறகு அம்மா மாதம் ஒரு முறை அந்தக் கடிகாரத்தைக் கேட்டு வாங்கி, துடைத்து, சாவி கொடுத்து, காதருகே வைத்துக் கேட்பார். பிறகு தம்பியிடமே கொடுத்துவிடுவார். அவர் காலமாகும்வரை அந்த வழக்கம் நின்றதில்லை. கடிகாரம் இன்றும் ஓடுகிறது.

ஆகவே, நான் சொன்னவற்றைச் சுருக்கமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துடைத்து, உலர்த்திய பிறகே பெட்டியில் வையுங்கள். வாரை மடிக்காதீர்கள், இறுக்காதீர்கள், ஒன்றோடொன்று உரச விடாதீர்கள். மூடி வைத்தால் ஈரம் உறிஞ்சும் பொருளோடு மூடுங்கள். வெயில், எண்ணெய், அந்துருண்டை, காந்தம் இவற்றை விலக்குங்கள். மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள்.

இன்று மாலையே உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து, எங்கேனும் ஒரு கடிகாரம் பிளாஸ்டிக் பைக்குள் மூச்சு முட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் வெளியே எடுங்கள். அதை வாங்கிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே துடையுங்கள். பூட்டி வைப்பது பாதி. எடுத்துப் பார்ப்பது மறு பாதி.